மாலிக்குப் போகும் பிள்ளைகள்

2025 நவம்பரில், மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் மேற்குப் பகுதியில் மின்பணியில் இருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஐவரை ஆயுதம் ஏந்தியவர்கள் கடத்திச் சென்ற செய்தி வந்தது. அவர்கள் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் என்பதால் பாளையங்கோட்டைத் தேநீர்க் கடைகளிலும் மாலியின் பெயர் அடிபட்டது. நான் கேட்ட பேச்செல்லாம் ‘தீவிரவாதிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கி அதிலேயே முடிந்தது. சொல் தவறில்லை, ஆனால் அது போதாது என்பதே என் கருத்து.

லிபியாவில் கடாபி வீழ்ந்தபின் ஆயுதங்களோடு திரும்பிய, சகாராப் பாலைவனத்து நாடோடி இனத்தவரான துவாரெக் போராளிகள், 2012 ஏப்ரலில் வடக்கு மாலியை அசவாத் என்னும் தனிநாடாக அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே அல்-காய்தா சார்புக் குழுக்கள் அவர்களைத் துரத்திவிட்டு, திம்புக்து என்ற பழைய நகரின் சூஃபி அடக்கத்தலங்களை இடித்தன. (ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தாரும் போய்வரும் நம் சீமையில் அந்த இடிப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.) தனிநாடு கேட்டவர்களும் மதச்சட்டம் கேட்டவர்களும் ஒருவரல்லர். 2017இல் அல்-காய்தா சார்புக் குழுக்கள் பல இணைந்து ஜே.என்.ஐ.எம். என்ற கூட்டணி உருவானது, அதற்கும் ‘இஸ்லாமிய அரசு’ எனப்படும் ஐ.எஸ். அமைப்பின் கிளைக்கும் இடையிலேயே சண்டை நடக்கிறது.

ஆனால் நடு மாலியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதை நாம் அறிவோம்: ஆட்டுக்கு மேய்ச்சல், வயலுக்கு எரு, கிடைக்காரருக்குக் கூலி. நைஜர் ஆற்றுப் படுகையிலும் ஃபுலானி மேய்ப்பர்களுக்கும் உழவர்களுக்கும் இடையே இதுபோன்ற பழைய உடன்பாடுகள் இருந்தன. மழை தவறி, விளைநிலம் பெருகி, மேய்ச்சல் நிலத்துக்கு உரிமை கொண்டாடும் பெரிய குடும்பங்கள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போக, முறையிட்டால் அதிகாரிக்கும் கையூட்டு தர வேண்டியிருந்த நிலையில்தான், பின்னாளில் ஜே.என்.ஐ.எம்.மில் சேர்ந்த அமாது கூஃபா என்ற போதகர் அந்தக் கட்டணங்களை எதிர்த்துப் பேசி இளைஞர்களைத் திரட்டினார். உழவர் பக்கத்திலும் காவற்படை என்ற பெயரில் துப்பாக்கிகள் வந்தன. 2019 மார்ச்சில் ஒகொசாகு என்ற ஃபுலானி ஊரில் 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வரப்புத் தகராறு வெட்டுக்குத்தில் முடிவதைக் கண்டிருக்கும் நமக்கு, அதில் இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்தால் என்னவாகும் என்பது எளிதில் விளங்கும்.

அரசும் நெருப்பை அணைக்கவில்லை. 2022 மார்ச்சில் மௌரா என்ற ஊரில் மாலி இராணுவமும் அயல்நாட்டு ஆயுதப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிவித்தது. பிள்ளையை இப்படிப் பறிகொடுத்த வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை எந்தப் பக்கம் போவான்? இதைச் சொல்வதால் நான் கடத்தல்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். பிழைக்கப் போனவனைப் பிடித்துவைத்துப் பணம் கேட்பதில் எந்தக் கொள்கையும் இல்லை. 2025 செப்டம்பர் முதல் ஜே.என்.ஐ.எம். எரிபொருள் லாரிகளை எரித்து, தலைநகர் பமாகோவையே முடக்கியதும் ஏழைகளின் வயிற்றில் அடித்த வேலைதான்.

சென்ற மாதம் என் சித்தி மகன், ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீசியன், மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை என்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். சம்பளம், சாப்பாடு, விசா எல்லாம் அதில் இருந்தன. வேலை எந்த ஊரில் என்பது மட்டும் இல்லை. ஏஜெண்டைத் தொலைபேசியில் அழைத்து, வேலையிடத்துக்குப் போகும் சாலை யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். “அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கிடும் சார், பாஸ்போர்ட்டை மட்டும் அனுப்புங்க” என்றார். பாஸ்போர்ட் இப்போது சித்தி வீட்டுப் பீரோவில் இருக்கிறது.