காணிக்காரர் சொன்ன ‘ஓம்’

போன சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு கமக்காரரின் காணி எல்லையில் சங்கிலி கட்டினேன். இரண்டு சீடார் கட்டைகளுக்கு நடுவே தடித்த சங்கிலி, அதில் ஒரு செம்மஞ்சள் பலகை: ‘பாதை மூடப்பட்டுள்ளது’. மைனஸ் 19. கையுறையைக் கழற்றாமல் பூட்டுக் கொழுவ முடியாது, கழற்றினால் விரல் மரத்துப் போகும். 11 குளிர்காலமாக நான் ஸ்னோமொபைலில், அதாவது பனிமேல் ஓடும் வண்டியில், போய்வந்த வழி அது. என் கையாலேயே அதை அடைத்துவிட்டு வந்து மூன்று நாளாகியும் மனம் ஆறவில்லை.

எங்கடை ஆக்கள் பலர் இப்போது குளிர்காலத்திலும் வடக்கே கொட்டேஜ் எடுத்துப் போகிறார்கள். காடு மேடெல்லாம் ஓடும் நாலு சில்லு ஏடிவி, இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஓடும் சைட்-பை-சைட் எல்லாம் வாடகைக்கு எடுக்கிறார்கள், சிலர் சொந்தமாகவே வாங்கிவிட்டார்கள். அவர்கள் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், லின்ட்சே என்ற ஊருக்கு வெளியே. ஸ்காபரோவில் இருந்து இங்கே வந்த முதல் குளிர்காலம், ஓர் இரவு பதினொரு மணிக்குப் பெரிய வெளிச்சம் ஒன்று வயலோரமாக மெதுவாக ஊர்ந்து போனது. என்னவென்று தெரியாமல் மனைவியும் நானும் யன்னலடியில் நின்று பார்த்தோம். அது க்ரூமர், பனிப்பாதையைச் செப்பனிடும் வண்டி. சில்லுக்குப் பதிலாகப் பட்டி போட்ட ட்ராக்டர், பின்னால் நீளமான இரும்புச் சட்டம். பனியை வெட்டி, கிளறி, உள்ளே இருக்கும் காற்றைப் போக்கி, அழுத்தி மட்டமாக்கிக்கொண்டு போகும். சைக்கிள் வேகம்தான். அழுத்திய பனி இறுகச் சில மணி நேரம் வேண்டும், நல்ல குளிர் வேண்டும், அதுவரை ஒருவரும் அதில் ஓடாமல் இருக்க வேண்டும். அதனால்தான் இரவில் வேலை. அடுத்த நாள் காலை அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருக்கும். அந்த வருடமே, இந்தப் பாதைகளைப் பராமரிக்கும் ஸ்னோமொபைல் கிளப்பில் சேர்ந்துவிட்டேன்.

இந்தப் பாதைகள் எல்லாம் அரசாங்கம் போட்டவை என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பின் கீழ் 30,000 கிலோமீற்றருக்கு மேல் பாதை இருக்கிறது. எங்கள் பக்கம் போன்ற தெற்கு இடங்களில் அதில் பெரும்பகுதி தனியார் காணி. வாடகை கிடையாது. கமக்காரர் ஒரு தாளில் கையெழுத்து வைத்து, குளிர்காலத்துக்கு மட்டும், ஸ்னோமொபைலுக்கு மட்டும், ‘ஓம், போங்கோ’ என்று விடுகிறார். அவ்வளவுதான் அந்தப் பாதை. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் அன்றோடு அது இல்லை.

ஊரில் ஒழுங்கை அகலிக்க ஒரு முழம் காணி விடுவதற்கு எத்தனை வருடம் இழுபட்டிருப்போம்? கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் கோட்டுப்படி ஏறிய குடும்பங்களை எனக்கே தெரியும். இங்கே முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தன் வயலைக் கடந்து போக ஒரு மனிதர் சும்மா இடம் விடுகிறார். இதை முதன்முதலாக விளங்கிக்கொண்ட நாளில் நான் வாயடைத்துப் போனேன்.

நான் சங்கிலி கட்டிய காணியின் சொந்தக்காரருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு புரட்டாதிக் கடைசியிலும் அவர் வீட்டுக்குப் போவேன். மனைவி சுட்ட பயத்தம் பணியாரம் ஒரு பெட்டி கொண்டுபோவேன், அவர் தன் மரங்களில் எடுத்த மேப்பிள் பாணி ஒரு போத்தல் தருவார். அந்த வருடம் எந்த வயலில் என்ன விதைத்திருக்கிறார் என்று குசினி மேசையில் விரலால் கீறிக் காட்டுவார். அதன்படிதான் பாதைக் கம்புகளை நடுவோம். கோதுமை விதைத்த பக்கமென்றால் பாதை வேலியோரமாக ஒதுங்கிவிடும்.

இந்தக் கோதுமை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. இங்கே குளிர்காலக் கோதுமை செப்டெம்பர், ஒக்டோபரில் விதைக்கப்படுகிறது. பனி விழ முன்னரே முளைத்து, பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் எழும்பி, ஜூலையில் அறுவடைக்கு வரும். பனிதான் அதற்குப் போர்வை. அந்தப் போர்வையை அழுத்தி ஐஸாக்கினாலும் கிழித்து எறிந்தாலும் பயிர் செத்துப்போகும். ஆனால் ஜனவரியில் ரோட்டில் நின்று பார்ப்பவனுக்கு அது வெறும் வெள்ளை வெளி.

இந்த மாசியில் இரண்டு நாள் மழை பெய்து பனி இளகியது. இளகினால் பாதையை மூடிவிடுவோம், இணைய வரைபடத்தில் அது சிவப்பாகிவிடும். மூன்றாம் நாள் காலை அவர் தொலைபேசி எடுத்தார். “வந்து பார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு சைட்-பை-சைட், ஒரு பிக்கப். தடத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கம்பு நட்ட பாதையில் கொஞ்சத் தூரம் வந்து, பிறகு வயலுக்குள் இறங்கி வட்டம் வட்டமாகச் சுழன்றிருக்கிறார்கள். பிக்கப் ஓரிடத்தில் புதைந்து, வெளியே வர உறுமி உறுமி இன்னும் ஆழமாகத் தோண்டியிருந்தது. குனிந்து அந்தத் தடத்துக்குள் கையை விட்டேன். பனி முடிந்து, மண் தொடங்கி, முழங்கை வரை போனது. விளிம்பில் பிய்ந்து கிடந்த ஒரு கோதுமைப் பயிரை எடுத்தேன். நாலு இலை, இன்னும் பச்சையாகவே இருந்தது, வெள்ளை நூல் மாதிரி வேர். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, வேரில் ஒட்டியிருந்த சேற்றைப் பெருவிரலால் துடைத்துப் பார்த்தார். கத்தி ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. “இதற்குக் காவல் இருக்க எனக்கு வயதில்லை, சங்கிலியைப் போட்டுவிடு” என்றார்.

ஸ்னோமொபைல் போகலாம், ஏடிவி போகக்கூடாதா, இரண்டும் மெசின்தானே என்று கேட்கிறார்கள். ஸ்னோமொபைல் 250, 300 கிலோ இருக்கும். ஆனால் அது 15 அங்குல அகல ரப்பர் பட்டியிலும் இரண்டு சறுக்குக் கட்டைகளிலும் பரவி நிற்கிறது. மனிதன் நடந்தால் முழங்கால் வரை புதையும் பனியில் அது மிதந்து போகும். இந்த வண்டிகளின் மூலத்திலேயே ஒரு தகப்பனின் துயரம் இருக்கிறது. 1934 ஜனவரியில் கியூபெக்கின் வல்கூரில், பனி மூடிய வழியால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் இறந்துபோனான். பனிக்கு மேலே புதையாமல் போக வேண்டும் என்ற வெறியோடு அந்த மனிதர் உழைத்து, 1937இல் பட்டி போட்ட ஏழு பேர் வண்டியைக் கொண்டுவந்தார். 1959இல் இன்றைய மாதிரிச் சின்ன ஸ்னோமொபைலான ஸ்கீ-டூ வந்தது. சைட்-பை-சைட்டின் கதை வேறு. அரைத் தொன்னுக்கும் மேலான பாரம் நாலு சில்லில் இறங்குகிறது. அழுத்திய பனியைக் கத்திபோல அறுத்துக்கொண்டு கீழே போகிறது.

வயலுக்குள் போகாமல் பாதையிலேயே சில்லு வண்டி ஓடினாலும் கேடுதான். சில்லுத் தடம் அன்றிரவே உறைந்து கொங்கிறீற் மாதிரி ஆகிவிடும். அதன்மேல் க்ரூமர் போனால் சட்டம் துள்ளித் துள்ளிப் போகுமே தவிர வெட்டாது. புதுப்பனி விழும்வரை அந்தப் பள்ளம் அப்படியே கிடக்கும். இரவில் வருபவனின் சறுக்குக் கட்டை அதற்குள் இறங்கினால் கைபிடி ஒரே இழுவையாக இழுக்கும். சட்டப்படி பாதையில் 50 கிலோமீற்றர் வேகம்தான், அந்த வேகத்திலேயே மரத்தில் மோதப் போதும்.

அவருடைய காணியில் பாதை ஒன்றரைக் கிலோமீற்றர்தான். ஆனால் ஏரிப் பக்கத்துப் பாதையும் ஊருக்கு வரும் பாதையும் அங்கேதான் சந்திக்கின்றன. சுற்றி எடுக்கலாமென்று பக்கத்துக் காணிக்காரரிடம் போனோம். “அவரே மூடிவிட்டார் என்றால் நான் ஏன் திறக்க வேண்டும்?” என்றார். நியாயமான கேள்வி. மறுபக்கம் ஒரு ஓடை, பாலம் போட வேண்டும், அதற்கு அனுமதி, காசு, ஆட்கள். இந்தக் குளிர்காலத்துக்கு ஆகாது. ஊர் முனையில் இருக்கும் பெற்றோல் நிலையமும் காலைச் சாப்பாட்டுக் கடையும் சனி ஞாயிறுகளில் ஸ்னோமொபைல்காரரை நம்பித்தான் இருக்கின்றன. இந்த ஞாயிறு கடை வாசலில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

2023–24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிகவும் வெப்பமானது. பனியே தங்கவில்லை, எங்கள் பாதைகள் அநேகமாக மூடியபடியே கிடந்தன. பிறகு 2025 மார்ச் கடைசியில் உறைமழை. ஒறிலியாவிலிருந்து பீற்றர்பரோ வரை மரங்கள் ஐஸ் பாரத்தில் முறிந்து விழுந்தன. அந்த இலையுதிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் வாள் மெசினோடு பாதை வெட்டினோம். எழுபது வயதுக்காரர்கள் கிளை இழுத்தார்கள். ஒருவருக்கும் சம்பளமில்லை. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த பாதையை மூன்று வண்டிகள் ஒரு இரவில் மூட வைத்துவிட்டன. எனக்கு வயிறு எரிகிறது.

கொஞ்ச நாளுக்கு முன்னர் எங்கள் உறவுக்காரர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வேறு இடம், இதே மாதிரி வெள்ளை வெளி, சைட்-பை-சைட்டில் நம்முடைய பொடியன்கள் சுழற்றிக்கொண்டு நிற்கிறார்கள், பாட்டு வேறு. இதயக் குறி நாற்பது ஐம்பது. ஓட்டியவனை எனக்குத் தெரியும், நல்ல பிள்ளை. தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணை, அது சும்மா வெறும் வெளி. வேலிகூட இல்லை. ஆருக்கு என்ன நட்டம்?”

“தம்பி, அதுக்குக் கீழை கோதுமை இருந்திருக்கும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “மெய்யாவோ? சினோவுக்குக் கீழை பயிரோ?”

அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் சாவியையும் தலைக்கவசத்தையும் கொடுத்தார்களாம், எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்று ஒரு சொல் சொல்லவில்லையாம். அன்றைக்கே வீடியோவை எடுத்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

என் கோபம் தெரிந்தே செய்பவர்கள்மேல்தான். எங்கள் பக்கத்தில் இதைச் செய்பவர்களில் அநேகம் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். பனிக்கடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த பிக்கப் யாருடையது என்று ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். மீன் இரை விற்கும் கடையில் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள், நான் உள்ளே போனதும் கதையை மாற்றுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் இன்னொரு காணியில் இதே மாதிரி நடந்தபோது, யார் என்று தெரிந்தும் நானும் பேசாமல்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரன், முகம் முறியக்கூடாது என்று நினைத்தேன். அந்தக் காணியும் இன்றுவரை திறக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016இல் கொண்டுவந்த ஒன்ராறியோப் பாதைகள் சட்டத்தோடு அத்துமீறி நுழைவதற்கான உச்சத் தண்டம் 2,000 டொலரிலிருந்து 10,000 டொலராக உயர்ந்தது. மாகாணப் பொலிஸில் ஸ்னோமொபைலுக்கும் ஏடிவிக்கும் படகுக்குமென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் இரவு ஒரு மணிக்கு ஒரு வயலில் நடப்பதை அவர்கள் எப்படிக் காண்பார்கள்? யாராவது சொன்னால்தான் உண்டு.

எங்கள் கிளப்பிலேயே சிலர் ஏடிவியை முழுதாகத் தடை செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏடிவிக்காரருக்கும் கிளப்புகள் உண்டு, அவர்களுக்கென்று அனுமதித்த பாதைகள் உண்டு, அவற்றுக்காக அவர்களும் எங்களைப் போலவே காணிக்காரர் வாசலில் போய் நிற்கிறார்கள். இந்த மாதிரி ஆட்களால் அவர்களுக்கும்தான் கெட்ட பெயர். எங்கள் ஆட்களும் சுத்தமில்லை. புதுப்பனியைக் கண்டதும் கம்பைத் தாண்டி வயலுக்குள் பாய்கிற ஸ்னோமொபைல்காரரை நான் எத்தனையோ தரம் மறித்திருக்கிறேன். பட்டி வண்டி என்பதால் பயிருக்கு வலிக்காது என்றில்லை. பாதையில் ஓடுவதற்கான பெர்மிட்டுக்குக் காசு கட்டியிருக்கிறேனே என்கிறார்கள். பெர்மிட் வாங்கியது பாதைக்கு, வயலுக்கு இல்லை.

வடக்கே போகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வண்டி எடுக்கும் இடத்தில், இதை எங்கே ஓடலாம் என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அங்கே எடுக்காதீர்கள். க்ரூமர் போட்ட பாதையைக் கண்டால் அதில் சில்லை ஏற்றாதீர்கள். வேலி இல்லாத வெளி யாரோ ஒருவரின் கமம். யாராவது செய்வதைக் கண்டால் நாளும் நேரமும் வண்டி இலக்கமும் குறித்துப் பொலிஸிடம் சொல்லுங்கள். நான் இந்தமுறை சொல்லிவிட்டேன், முகம் முறிந்தாலும் பரவாயில்லை.

நேற்றுப் பின்னேரம் திரும்பவும் அவரிடம் போனேன், பாதையைப் பற்றிக் கேட்க இல்லை. ஏப்ரலில் மண் காய்ந்ததும் அந்தப் பள்ளங்களை நாங்கள் வந்து கையால் நிரவித் தருகிறோம் என்று சொன்னேன். ட்ராக்டரை இறக்கினால் மிச்சப் பயிரும் நசிந்துவிடும். சரி என்றார். பாதை பற்றி ஜூலையில் அறுவடை முடியட்டும், பார்ப்போம் என்றார். கிளப்பில் ஆறு பேர் வருகிறார்கள். வீடியோ போட்ட அந்தத் தம்பியும் தானும் வருகிறேன் என்று ராத்திரி செய்தி அனுப்பியிருக்கிறான். அவனுக்கு என்னுடைய பழைய மண்வெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன்.