இஜேன் ஒரு வேலைத்தளம், நாம்தான் வழிவிட வேண்டும்

பாலித் தீவுக்குப் போகிற நம்மவர்களில் பலர் இப்போது பக்கத்துக் கிழக்கு ஜாவாவில் இருக்கும் ப்ரோமோ, இஜேன் எரிமலைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். "நீங்களும் உங்கள் கணவரும் ப்ரோமோ, இஜேன் எல்லாம் போய்வந்தீர்களே, நாங்களும் போகலாமா, கஷ்டமா?" என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் இஜேனை ஒரு சுற்றுலாக் காட்சியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆட்கள் கந்தகச் சுமை தூக்கிப் பிழைக்கிற இடம் அது. அது மனதில் இருந்தால் நடக்கிற விதம், படம் எடுக்கிற விதம், கூலி கொடுக்கிற விதம் எல்லாமே மாறிவிடும்.

முதலில் ப்ரோமோ. ஆளுக்கொரு முதுகுப்பையோடு சுராபாயாவில் ரயில் ஏறி ப்ரோபோலிங்கோவில் இறங்கினோம். அங்கிருந்து மலைக்கு மினி பஸ். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், பொறுமை வேண்டும். செமோரோ லவாங் கிராமத்தில் இறங்கினால், வீடுகள் முடியும் இடத்தில் தரையும் முடிந்துவிடுகிறது. கீழே பத்து கிலோமீட்டர் அகலத்துக்குப் பழைய எரிமலை ஒன்று உள்வாங்கி உருவான பெரும் பள்ளம். அதற்குள்ளே சாம்பல் நிற மணல்வெளி, அதன் நடுவில் புகைந்துகொண்டிருக்கும் ப்ரோமோ. தெற்கே ஜாவாவின் மிக உயரமான மலையான செமெரு, 3,676 மீட்டர். அதுவும் விட்டுவிட்டுப் புகையைத் துப்பிக்கொண்டே இருக்கும்.

எல்லோரும் ஜீப்பில் போனார்கள். நாங்கள் அந்த மணலில் நடந்தோம். பல்லெல்லாம் நறநறவென்று சாம்பல். எனக்கு அந்த நடை மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் வழியில் பேச முடிந்தது. அந்த மலைச்சரிவுகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் பயிரிடுகிற தெங்கர் மக்கள் இந்துக்கள். மணல்வெளியிலேயே அவர்களுக்குக் கோயில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை காசாடா என்ற விழாவில் காய்கறி, கோழி, ஆடு எல்லாம் கொண்டுபோய் எரிமலை வாயில் போடுவார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. ரோரோ அந்தேங், ஜோகோ செகெர் என்று குழந்தையில்லாத ஒரு தம்பதி. மலையிடம் வேண்டிக்கொண்டு 25 பிள்ளைகள் பெற்றார்கள். கடைசிப் பிள்ளையை மலைக்கே தருவதாக நேர்ச்சை. அந்தப் பிள்ளையை மலை எடுத்துக்கொண்டது. பிள்ளைவரம் கேட்டு வேண்டுதல் வைத்துப் பழகிய நமக்கு இந்தக் கதை அந்நியமாகவே இல்லை.

அந்த மலையில்தான் 2023 செப்டம்பரில், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டுக்காக வந்த ஒரு குழு காய்ந்த புல்வெளியில், படத்துக்காகப் புகையும் சுடரும் கக்கும் 'ஃப்ளேர்' குழலைக் கொளுத்தியது. தீ பிடித்து, நாட்கணக்கில் எரிந்து, சுமார் 500 ஹெக்டேர் கருகியது. கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களும் உருகிப்போயின. ஏற்பாடு செய்தவர் மீது வழக்கு நடந்து தண்டனை கிடைத்தது. ஆனால் தண்ணீருக்கு அலைந்தது தெங்கர் வீடுகள். நம் ஊரிலும் இப்போது இந்த போட்டோஷூட் இல்லாமல் கல்யாணம் இல்லை என்றாகிவிட்டது. எங்கே வேண்டுமானாலும் எடுங்கள். அடுத்தவருடைய கோயில் மலையில் நெருப்போடு போய் நிற்காதீர்கள்.

சரி, இஜேன். பான்யுவாங்கி நகரத்திலிருந்து நடுராத்திரியில் கிளம்பி, பால்துடிங் என்ற இடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பிக்க வேண்டும். எரிமலை வாயின் விளிம்பு வரை மூன்று கிலோமீட்டர். பாதை அகலம்தான், ஆனால் நல்ல செங்குத்து. விளிம்பிலிருந்து எரிமலை வாய்க்குள் இறங்குவது வேறு வகை. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் பாறைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, கைப்பிடியும் பெரிதாக இல்லை. கந்தகத்தைச் சுமந்து மேலே வருகிறவர்களுக்கும் அதே பாதைதான்.

நீல நெருப்பைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் இருட்டில் போகிறார்கள். இணையத்தில் நீல எரிமலைக் குழம்பு என்று போடுகிறார்கள், அது தவறு. குழம்பெல்லாம் இல்லை. 600 டிகிரி செல்சியஸ் வரை சூட்டோடு வெடிப்புகளிலிருந்து வெளியேறும் கந்தக வாயு, காற்றுப் பட்டதும் பற்றி எரிகிறது. அந்தச் சுடர்தான் நீலம். விடிந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் வந்ததும் ஏரி தெரியும்: ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பச்சையும் நீலமும் கலந்த பால் போன்ற நிறம். உலகத்திலேயே மிகப் பெரிய கடும் அமில ஏரி இதுதான். பிஎச் அளவு 0.5-க்கும் கீழே (இந்த அளவு குறையக் குறைய அமிலம் கடுமை). இந்த ஏரியிலிருந்து கிளம்பும் ஆறு கீழே சமவெளியில் வயல்களுக்கும் பாய்கிறது என்பதை அங்கே யாரும் பயணிகளுக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்கு நீல நெருப்பைவிட மறக்க முடியாதது அதன் பக்கத்தில் நடக்கும் வேலை. வாயு வரும் வெடிப்புகளில் குழாய்களைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். வாயு குழாய்க்குள் குளிர்ந்து, சிவந்த திரவமாகச் சொட்டி, தரையில் உறைந்து மஞ்சளாகிறது. அதைக் கம்பியால் நெம்பி உடைத்து, இரண்டு மூங்கில் கூடைகளில் அடுக்கி, நம் காவடி போலவே ஒரு தண்டில் கோத்துத் தோளில் ஏற்றுகிறார்கள். ஒரு சுமை 70 முதல் 90 கிலோ வரை. தூக்குகிறவரின் எடையைவிட அதிகமாகக்கூட இருக்கும். காற்று திரும்பினால் அந்தப் புகை முகத்தில் அடிக்கும். சிலர் ஈரத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். வாடகை முகமூடி போட்டுக்கொண்டு நிற்கும் எங்களுக்கே கண் எரிந்து இருமல் வந்தது. அத்தனைக்கும் கூலி கிலோவுக்கு ஆயிரம் இந்தோனேசிய ரூபியா சொச்சம். ஒரு சுமைக்கு நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய் அளவுக்குத்தான் வரும்.

இந்தக் கந்தகம் எங்கே போகிறது என்று கேட்டோம். சர்க்கரையை வெளுப்பாக்க, ரப்பர் பதப்படுத்த, தீப்பெட்டிக்கு, அழகுசாதனப் பொருள்களுக்கு. நம் ஊர் ஆலைகளிலும் கரும்புச்சாற்றைக் கந்தகப் புகை காட்டித்தான் வெளுக்கிறார்கள். இஜேன் கந்தகம் நம் சர்க்கரைக்கு வருகிறது என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளைச் சர்க்கரை கேட்கும் எந்த நாட்டுக்கும் இந்த வேலையில் ஒரு பங்கு உண்டு.

இப்போது சொல்ல வந்த விஷயம். அந்த ஒற்றையடிப் பாதையில் எண்பது கிலோவோடு ஒருவர் ஏறி வருகிறார். நின்றால் மறுபடி மூச்சைப் பிடித்துக் கிளம்புவது எவ்வளவு பாடு என்று பார்த்தாலே தெரியும். அவருக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறது. சிலர் அவரையே நிறுத்தி, பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். சுமை தோளில் இருக்கும்போதே! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருவரை அழைத்து, "அவரை முதலில் போகவிடுங்கள்" என்று சொல்லியே விட்டேன். படம் வேண்டுமென்றால், அவர் சுமையை இறக்கி வைத்து ஓய்வெடுக்கும்போது போய், வயதில் மூத்தவரானால் "பாக்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கேட்டு, சரி என்றால் எடுங்கள். காசு கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள். பாதையில் அவர்கள் வருவது தெரிந்தால், மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் ஒதுங்காதீர்கள். 2024 ஏப்ரலில் விளிம்பில் படத்துக்கு நின்ற ஒரு பெண் பயணி தவறி விழுந்து இறந்துபோனார்.

இன்னொரு விஷயத்தில் எனக்கும் என் கணவருக்கும் மலை ஏறி இறங்கும் வரை வாக்குவாதம். பாதையில் இரண்டு சக்கரத் தள்ளுவண்டிகள் நிற்கும். விளிம்பிலிருந்து கீழே கந்தகம் கொண்டுபோக வந்த வண்டிகள். இப்போது நடக்க முடியாத பயணிகளை உட்காரவைத்து, முன்னால் இருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, மேலே கொண்டுபோகிறார்கள். "கை ரிக்‌ஷாவை 1973-லேயே ஒழித்த மாநிலத்திலிருந்து வந்துவிட்டு, மனுஷன் இழுக்கிற வண்டியில் ஏறுவதை எப்படிச் சரி என்று சொல்வாய்?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை எடுத்தபோது அரசு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கையில் கொடுத்தது. மாற்று இருந்தது. இங்கே வண்டியில் ஏற மாட்டேன் என்று நாம் கொள்கை பேசினால், அந்த ஆள் மறுபடி தோளில் தண்டைத் தூக்கிக்கொண்டு புகைக்குள்தான் இறங்க வேண்டும். எங்கள் வழிகாட்டி முன்பு சுமை தூக்கியவர். தோள்பட்டையைக் காட்டினார், உருண்டையாகக் காய்த்துப் போயிருந்தது. ஒரு பயணியை மேலே கொண்டுபோனால், பல சுமைக் கந்தகத்துக்கான காசு ஒரே நடையில் கிடைத்துவிடும் என்றார். அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் வண்டி எடுங்கள் என்பேன். பேரம் பேசாதீர்கள். என் கணவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அரசுதான் வேறு வேலை தர வேண்டும், பயணியின் தயவில் அது நிற்கக் கூடாது என்கிறார். அதையும் என்னால் மறுக்க முடியவில்லை. இஜேன் 2023-ல் நிலவியல் சிறப்புள்ள இடங்களுக்கான யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் வருகிற கூட்டத்தின் வருமானத்தில் கந்தகத் தொழிலாளிகளின் மருத்துவத்துக்கென்று ஒரு பங்கு கட்டாயமாகப் போக வேண்டும்.

தயாராகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சாதாரணத் துணி முகமூடி, மருத்துவ முகமூடி எதுவும் அங்கே உதவாது. வாயு முகமூடிதான் வேண்டும், வழிகாட்டிகளிடம் வாடகைக்குக் கிடைக்கும், வடிகட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் விளிம்போடு நின்றுவிடுங்கள், அங்கிருந்தே ஏரி முழுதாகத் தெரியும். விளிம்பில் குளிர் கடுமை. வழிகாட்டியை அமர்த்தும்போது கந்தக வேலையிலிருந்து வந்தவரா என்று விசாரித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் உடம்போடு தெரியும். பாலியிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள்.

எரிமலை எச்சரிக்கை நிலை ஏறினால் பாதையை மூடிவிடுவார்கள். அப்போது, "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று யார் கையிலாவது காசைத் திணித்து உள்ளே போகப் பார்க்காதீர்கள். 2018 மார்ச்சில் அந்த ஏரியிலிருந்து நச்சு வாயு திடீரென்று வெளியேறி, கீழே ஊரில் வீட்டுக்குள் இருந்தவர்களே மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். பள்ளத்துக்குள் நீங்கள் விழுந்தால், முதலில் இறங்கி வந்து தூக்கப்போவது அந்த ஐந்நூறு ரூபாய் சுமைக்காரர்தான்.