"அலைடுதானே?" என்று கேட்டவருக்கு

சனிக்கிழமை கருத்தரங்கில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். "விடுங்க, இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்று நாலைந்து பேர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். விட்டுவிடத்தான் நினைத்தேன். மூன்று நாளாகியும் முடியவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. திரையில் இரண்டு மீன் தொட்டிகளின் அட்டவணை. இரண்டிலும் மொத்த அம்மோனியா ஒரே அளவு, அதனால் ஆபத்தும் ஒரே அளவு என்றார் பேச்சாளர். "சார், ரெண்டு தொட்டியோட பிஎச் என்ன?" என்றேன். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண் அது. அவர் திருப்பிக் கேட்டார்: "உங்க மேஜர் என்ன?" விலங்கியல் என்றேன். "அப்போ கெமிஸ்ட்ரி அலைடுதானே?" அரங்கம் சிரித்தது. அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

ஆமாம், அலைடுதான். துணைப்பாடம்தான். அதனால் கேள்வி தவறாகிவிடுமா?

நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மின்னூட்டம் இல்லாத அம்மோனியா, இன்னொன்று அம்மோனியம் அயனி. செவுளை எளிதாகக் கடந்து மீனுக்குள் போய்க் கொல்வது முதலாவதுதான். எந்த வடிவம் எவ்வளவு என்பது பெரும்பாலும் பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸ் நன்னீரில் பிஎச் 7 என்றால், மொத்தத்தில் அந்தக் கொல்லும் வடிவம் ஏறத்தாழ 0.6 சதவீதம். 8 என்றால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். 9 என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஒரு தொட்டியில் மீன் நீந்தும், இன்னொன்றில் செத்து மிதக்கும். இதைக் கேட்பதற்கு எந்த மேஜர் படித்திருக்க வேண்டும்?

துணைப்பாடம் என்றால் அரைகுறைப் பாடம் என்று அர்த்தமில்லை. பிஎச் வேதியியல் துறைக்கு ஒரு மாதிரியும் விலங்கியல் துறைக்கு வேறு மாதிரியும் நடந்துகொள்வதில்லை.

"மூன்று வருடம் முழுதாகப் படித்தவரும் சில பருவங்கள் மட்டும் படித்தவரும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். இல்லை, ஒன்றில்லை. குவாண்டம் வேதியியலைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் "அலைடு மாணவர்கள் பாஸானால் போதும் என்றுதானே படிக்கிறார்கள்?" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. பாஸானால் போதும் என்று முதலில் சொன்னது யார்? நாங்களா?

என் முதல் வருட ஆய்வகம் இன்னும் நினைவில் இருக்கிறது. மேஜர் மாணவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகு, நாளின் கடைசி இரண்டு மணி நேரம் எங்களுக்கு. குழாய்த் திருகில் ஒழுகும் பியூரெட்டுகள், அதாவது அளவு குறித்த கண்ணாடிக் குழாய்கள், எங்கள் பக்கம் வந்துவிடும். பெர்மாங்கனேட் டைட்ரேஷன். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பியூரெட்டில் இருக்கும் பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தி என்பதால் திரவ மட்டத்தின் மேல் விளிம்பில் அளவு பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று முறையும் அளவு வேறு வேறாக வந்தது. ஏன் என்று கேட்டேன். "உங்களுக்கு இது போதும், ரெக்கார்டு எழுதுங்க" என்றார்கள். பிஎச்சை வைத்து எந்த வடிவம் எவ்வளவு என்று கணக்கிடும் ஹெண்டர்சன் சமன்பாடு வந்தபோதும் அதே பேச்சுதான்: "உங்களுக்கு இது வேண்டாம்." அடுத்த வருடம் மீன்களின் உடலியங்கியலில் அதே சமன்பாடு இல்லாமல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. இரவில் உட்கார்ந்து நானே போட்டுப் போட்டுப் பழகினேன். சனிக்கிழமை நான் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது. போதும் என்று நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து.

பாதியைச் சொல்லிக் கொடுப்பதும் நீங்கள், பாதிதானே படித்தாய் என்று சிரிப்பதும் நீங்கள் என்றால் நாங்கள் எங்கே போவது?

டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் படித்தது விலங்கியல். 1953இல் டிஎன்ஏ மாதிரியோடு அவர் மல்லாடிக்கொண்டிருந்தபோது, டிஎன்ஏவின் கூறுகளான குவானைனுக்கும் தைமினுக்கும் பாடநூலில் இருக்கும் இனோல் என்ற மூலக்கூறு வடிவம் சரியல்ல, கீட்டோ வடிவம்தான் சரி என்று சொன்னவர், அதே அறையில் வேலை செய்த ஜெர்ரி டோனஹியூ என்ற வேதியியலாளர். அதற்குப் பிறகுதான் அந்தக் கூறுகள் இணை இணையாகச் சரியாகப் பொருந்தின. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கு. உடனே "அவரும் நீயும் ஒன்றா?" என்று வராதீர்கள். நான் என்னை யாரோடும் ஒப்பிடவில்லை. துறைக்கு நடுவே சுவர் எழுப்பியது அறிவியல் இல்லை, நாம்தான் என்று சொல்கிறேன்.

"அவர் விளையாட்டாகத்தானே சொன்னார்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது, ஒரு சிரிப்பு என்னை ஒன்றும் செய்யாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எனக்கு இரண்டு வரிசை முன்னால் என் மாணவி உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம்தான் துணைப்பாடமாக வேதியியல் எடுத்திருக்கிறாள். எனக்கு அடுத்து கேட்பதற்காகக் கையைத் தூக்கியிருந்தவள், அந்தச் சிரிப்பு எழுந்ததும் கையை இறக்கிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். அப்புறம் அந்தக் கை மேலே போகவே இல்லை.

நேற்று அவளைக் கூப்பிட்டு, என்ன கேட்க நினைத்தாய் என்றேன். தயங்கித் தயங்கி நோட்டைத் திறந்து காட்டினாள். "செடி இருக்கிற தொட்டியில் இரவில் கார்பன் டை ஆக்சைடு ஏறி பிஎச் இறங்கும். பகலில் செடி அதை எடுத்துக்கொண்டால் பிஎச் ஏறும். அப்படியென்றால் அம்மோனியாவை எந்த நேரத்தில் அளந்தார்கள்?"