ரிசீவரை மட்டும் பார்த்தால் போதாது
தொடர் எண் உள்ள ரிசீவரை, அதாவது விசை அமைப்பைத் தாங்கும் நடு உடலை, தொடாதவரை ரைஃபிளின் மற்ற பாகங்களை இஷ்டம்போல மாற்றலாம் என்கிறது இங்கே வந்திருக்கும் துப்பாக்கிக் கட்டுரை. கலிபோர்னியாவில் இதை நம்பி இறங்கினால் சிறைதான். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி, சரி. ஆனால் கலிபோர்னியா மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 30515-ஆம் பிரிவு, எல்லாப் பாகங்களையும் மாட்டிய முழுத் துப்பாக்கியைப் பார்க்கிறது. மேகசின் (தோட்டாப் பெட்டி) கழற்றக்கூடிய செமி ஆட்டோமேடிக் (விசையை அழுத்தும்போதெல்லாம் ஒரு குண்டு சுடும்) சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடித்துச் சுடும்) ரைஃபிளில் பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி போன்ற கைப்பிடி), மடக்கும் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை), ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது வரும் தீப்பொறியைக் குறைக்கும் முனை) என ஏதாவது ஒன்று இருந்தாலே அது மாநிலம் தடை செய்த ‘அசால்ட் வெப்பன்’. நெவாடாவிலிருந்து சாக்ரமெண்டோவுக்குக் குடிவந்த என் நண்பரின் ஏஆர்-15 வகை ரைஃபிளில் .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்துச் சுடும்) மேல்பாகம், அதாவது குழல் உள்ள பகுதி, இருந்தது. பிஸ்டல் கிரிப் இருந்தும் சிக்கல் இல்லை, இந்த விதி சென்டர்ஃபயருக்குத்தான். அப்புறம் தன் பழைய .223 சென்டர்ஃபயர் மேல்பாகத்தை மாட்டப் பார்த்தார். இரண்டு பின்களைத் தள்ளினால் முடிகிற வேலை, ரிசீவர் அதேதான், ஆனால் அந்த நொடியே குற்றம். நல்லவேளை, கடைக்காரர் ஒருவர் எச்சரித்தார். கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர் குழல் 16 அங்குலம் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அது மத்தியச் சட்டத்தின் அளவு. கலிபோர்னியாவில் செமி ஆட்டோமேடிக் சென்டர்ஃபயர் ரைஃபிளின் மொத்த நீளமும் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதனால் ஸ்டாக்கை மாற்றும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.