ஜாக் ஸ்டாண்டை இரும்பு தெரியும் இடத்தில் எல்லாம் வைக்கலாமா?

"காருக்கு அடியில் கெட்டியான இரும்பு எங்கே தெரிந்தாலும் ஜாக் ஸ்டாண்ட் (ஜாக்கியால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் கால்) வைக்கலாம்" என்று பரவும் தகவல் தவறு. தரைத் தகடு மெல்லியது, பாரம் ஏறியதும் நசுங்கும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் வைத்தால் அது உடையும்.

தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத பெரும்பாலான கார்களில், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் வலுவூட்டிய இடம் உண்டு. பல கார்களில் அங்கே இரண்டு வெட்டுக் குறிகள் இருக்கும்; அவற்றுக்கு நடுவில் வையுங்கள். உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஸ்டாண்டின் தலையில் நடுவே பள்ளமுள்ள ரப்பர் பேட் இல்லாவிட்டால் விளிம்பு மடங்கலாம். பொலேரோ போன்ற தனிச் சேஸிஸ் வண்டிகளில் அந்தச் சட்டத்திலேயே வைக்கலாம்.

பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும்; அந்தச் சக்கரமோ அப்போது அந்தரத்தில் இருக்கும். முன்சக்கரங்கள் உருளாமல் முட்டு கொடுங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சட்டென்று நொறுங்கும்.