பின்லாந்து பாடங்களை ஒழிக்கவில்லை

கணிதம், இயற்பியல், வரலாறு என்ற தனிப் பாடங்களைப் பின்லாந்து அடியோடு நீக்கிவிட்டது, அங்கே வீட்டுப்பாடமும் தேர்வும் கிடையாது என்று ஒரு செய்தி சில ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது உண்மையல்ல.

2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய கலைத்திட்டம், பல பாடங்களை இணைத்து ஒரே பொருளை ஆராயும் கற்றல் தொகுதி ஒன்றாவது ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவருக்கும் அமைய வேண்டும் என்று பள்ளிகளுக்கு விதித்தது. 2015-இல் இதைப் பற்றி வெளிநாட்டு ஊடகங்கள் எழுதியபோதுதான் 'இணைத்தல்' என்பது 'ஒழித்தல்' ஆகத் திரிந்தது. பாடங்களும், அவற்றுக்கு அரசு ஆணை வகுத்த குறைந்தபட்சப் பாடவேளைகளும் இன்றும் இருக்கின்றன. அந்நாட்டின் தேசியக் கல்வி வாரியமே அப்போது மறுப்பு வெளியிட்டது. மறுப்பை யார் பகிர்கிறார்கள்?

வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை, 1998-ஆம் ஆண்டின் அடிப்படைக் கல்விச் சட்டமே சான்று. வீட்டுப்பாடத்துக்குப் பின்னும் குழந்தைக்கு ஓய்வும் பொழுதுபோக்கும் எஞ்ச வேண்டும் என்று கூறும் அதே சட்டம், அதைச் செய்யாமல் வருபவரைப் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் வரை இருத்திச் செய்யவைக்கவும் அனுமதிக்கிறது.

தேர்வு விஷயத்தில் மட்டும் பாதி உண்மை உண்டு. ஒன்பதாம் வகுப்பு வரை நாடு தழுவிய பொதுத்தேர்வு இல்லை, எனினும் ஆசிரியர்கள் வகுப்புத் தேர்வு வைத்து மதிப்பெண் இடுகிறார்கள். மேல்நிலைக் கல்வியின் முடிவிலோ 1852 முதல் நடந்துவரும் பொதுத்தேர்வு காத்திருக்கிறது. மாணவர்கள் மடிக்கணினி முன் ஒரு தாளுக்கு ஆறு மணி நேரம் வரை அமர்ந்து எழுதுகிறார்கள்.