ஸ்டவுட்டுக்கு ஐஸ் போடாதேங்கோ

திருகோணமலை உப்புவெளியில வெயில் கொளுத்துது, உண்மைதான். அதுக்காக பேர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாவில மாசக்கணக்கா ஊறின இம்பீரியல் ஸ்டவுட்டை, அதுதான் அந்தக் கடும் கறுப்பு பியரை, சாதாரண லாகர் பியர் மாதிரி 4 பாகைக்குக் குளிரவைச்சு, ஐஸும் போட்டு நீட்டினால் என்னத்தைச் சொல்ல? அந்தக் குளிரில வனிலா வராது, ஓக் மரம் தாற தேங்காய் வாசமும் வராது. கருக வறுத்த மோல்ட்டின்ர, அதாவது முளைவிட்ட பார்லியின்ர, கசப்பு மட்டும்தான் நாக்கில நிக்கும். அதுக்கு 12, 13 பாகை வேணும். எங்கட சூட்டில பிரிட்ஜால எடுத்து 20 நிமிசம் மேசையில வைச்சால் காணும். கனநேரம் விட்டால் அற்ககோல் மூக்கில குத்தும்.

பெரிய மக் வேண்டாம். வாய் குறுகின, வயிறு அகண்ட கிளாஸில 100 மி.லீ. போதும்.

நுரை சட்டெண்டு இறங்கினால் "பழசு" எண்டு தீர்ப்பு சொல்றவையும் இருக்கினம். 12 வீத அற்ககோலில நுரை எங்க நிக்கிறது? பார்க்க வேண்டியது வேற. கூர்ப்பான புளிப்பு எண்டால் பெரும்பாலும் பீப்பாவில பக்டீரியா புகுந்திட்டுது. ஈரமான காட்போட் மட்டை வாசம் எண்டால் ஒட்சிசன் பட்டிட்டுது. சோயா சோஸ் மணத்தால், செத்த ஈஸ்டில கனகாலம் கிடந்திருக்கும்.

இதையெல்லாம் ஆர் மணந்து பார்க்கிறது? பக்கத்தில டெவில் கணவாய்! மிளகாய் எரிவோட அற்ககோல் எரிவும் சேர்ந்தால் நாக்கு ஒண்டுக்கும் உதவாது. வறுத்த கஜு நாலு வைக்கக்கூடாதோ?